மண்புழு ரத்தத்தின் ராட்சத ஹீமோகுளோபின்: அழுத்தம், அமிலம், பழனி மலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் மண்புழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் உரக்குழியில் ஆரம்பித்து உரக்குழியிலேயே முடிந்துவிடும். உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் மட்டும் பேச்சு புழுவின் ரத்தத்துக்குத் திரும்புகிறது. "இவ்வளவு உயரத்தில் அது எப்படித் தாங்குகிறது? நம் மண் புளிப்பாயிற்றே?" என்று கேட்பவர்கள் இரண்டு தரப்பிலும் உண்டு. மேல்மலை உருளைக்கிழங்கு விவசாயிகள், கீழ்மலைக் காப்பித் தோட்டக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் கேட்டவற்றையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மண்புழுவுக்கு ரத்தம் உண்டா?

உண்டு, நல்ல சிவப்பு ரத்தம். வெளிறிய தோலுள்ள புழுவை ஈரக்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் முதுகு நெடுக ஒரு சிவப்புக் கோடு துடிப்பது தெரியும். அது முதுகு ரத்தக்குழாய். நமக்கு இருப்பதைப் போலவே மூடிய குழாய்களுக்குள்தான் ரத்தம் ஓடுகிறது. நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகவே ஆக்சிஜன் உள்ளே வருகிறது.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நம் ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மண்புழுவின் ஹீமோகுளோபின் எந்த அணுவுக்குள்ளும் இல்லாமல் ரத்த நீரிலேயே நேரடியாகக் கரைந்திருக்கிறது. செல்லுக்கு வெளியே உள்ள ஹீமோகுளோபின் என்று அதைச் சொல்வது இதனால்தான். எரித்ரோகுருவோரின் என்ற பெயரும் உண்டு. 1840-இல் ஜெர்மனியின் ஹூனஃபெல்ட், கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே காய்ந்துபோன மண்புழு ரத்தத்தில் படிகங்களைப் பார்த்தார். உலகம் முதலில் கண்ட ஹீமோகுளோபின் படிகங்கள் அவைதான். ஹீமோகுளோபின் என்ற பெயரே அதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் வந்தது.

ராட்சதம் என்றால் எவ்வளவு பெரிது?

மனித ஹீமோகுளோபினின் எடை சுமார் 64,500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு; ஒரு ஹைட்ரஜன் அணு ஏறக்குறைய ஒரு டால்டன்). குளோபின் என்ற புரதச் சங்கிலிகள் நான்கு, ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்பு கொண்ட ஹீம்கள் நான்கு, ஒரே நேரத்தில் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகள். ஐரோப்பாவின் சாதாரண மண்புழுவான லும்ப்ரிகஸ் டெரஸ்ட்ரிஸின் ஹீமோகுளோபினோ ஏறக்குறைய 36 லட்சம் டால்டன். அதில் 144 குளோபின் சங்கிலிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம். இவற்றை ஒன்றாகப் பிடித்து வைப்பதற்கென்றே ஹீம் இல்லாத 36 இணைப்புச் சங்கிலிகள் தனியாக உண்டு. ஆக மொத்தம் 180 துண்டுகள் சேர்ந்து ஒரே மூலக்கூறாக நிற்கின்றன.

அமைப்பும் ஒழுங்கானது. 12 குளோபின்கள் சேர்ந்து ஒரு தொகுதி. அப்படிப்பட்ட 12 தொகுதிகள், ஆறு ஆறாக, இரண்டு வளையல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல உட்கார்ந்திருக்கின்றன. இணைப்புச் சங்கிலிகள் நடுவிலிருந்து ஆரங்களாக நீண்டு தொகுதிகளைத் தாங்குகின்றன. குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொரு மூலக்கூறும் அறுகோணமாகத் தனியாகவே தெரியும். ஸ்வீடனின் ஸ்வெட்பெர்க் தன் அதிவேகச் சுழற்சி இயந்திரத்தில் 1930-களிலேயே இதன் பருமனை அளந்துவிட்டார். வில்லியம் ராயரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் எக்ஸ்-கதிர் மூலம் முழு வடிவத்தை 2000-இல் ஓரளவும் 2006-இல் இன்னும் துல்லியமாகவும் வெளியிட்டார்கள்.

ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சின்னதாக நிறைய இருந்தால் ஆகாதா?

ஆகாது. இரண்டு காரணங்கள். புரதம் அணுவுக்குள் இல்லாமல் ரத்த நீரில் கரைந்திருந்தால், சின்னதெல்லாம் கழிவு வடிக்கும் உறுப்புகள் வழியாக வெளியே கசிந்துவிடும். மனித உடலிலேயே சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வந்தால் சிறுநீர் கருஞ்சிவப்பாகும், சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

இரண்டாவது காரணம் சவ்வூடுபரவல் அழுத்தம். அது கரைசலில் எத்தனை துகள்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு துகளின் பருமன் கணக்கில் வராது. மண்புழுவின் ஒரு மூலக்கூறு 144 ஆக்சிஜனைப் பிடிக்கிறது. அதே வேலையை நம்முடையது போன்ற சின்ன மூலக்கூறுகள் செய்ய வேண்டுமானால் 36 தேவை. அதே அளவு ஆக்சிஜன், 36-இல் ஒரு பங்கு துகள்கள். ரத்தம் திசுக்களிலிருந்து தேவையில்லாமல் நீரை உறிஞ்சாமல் இருக்கிறது. சிவப்பணு என்ற பை இல்லாத உயிர், மூலக்கூறையே பெரிதாக்கி அந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சோலைக்காட்டு அட்டைக்கும் இதே ரத்தமா?

மருத்துவ அட்டையின் இனத்தைச் சேர்ந்த அட்டைகளிலும் இதே வடிவ ராட்சத ஹீமோகுளோபின் இருக்கிறது. அட்டையும் மண்புழுவும் வளையப்புழுக்கள்தான், ஒரே வம்சம். ஆனால் மழைக்காலத்தில் காலில் ஏறிக் குடித்த அட்டையை நசுக்கினால் வழியும் சிவப்பில் பெரும்பங்கு உங்களுடையது. சிவப்பணுவோடு கூடிய மனித ரத்தம் அதன் குடலில், ராட்சத மூலக்கூறுகள் மிதக்கும் சொந்த ரத்தம் அதன் குழாய்களில். இரண்டும் கலப்பதில்லை.

கொடைக்கானலில் காற்றழுத்தம் குறைவு. அது புழுவின் ஹீமோகுளோபினைப் பிரித்துவிடாதா?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். பிரிக்காது.

கொடைக்கானல் ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 78 சதவீதம். வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறும்போது காது அடைப்பது இந்த வித்தியாசத்தால்தான். நம் காதுக்கு இது பெரிய மாற்றமாகத் தெரியலாம். ஒரு புரதத்தின் துண்டுகளைப் பிரிக்க இது எந்தக் கணக்கிலும் வராது. ஆய்வகத்தில் இந்த மூலக்கூறைப் பிரிக்க ஆயிரம் வளிமண்டலத்துக்கும் (ஒரு வளிமண்டலம் என்பது கடல்மட்டக் காற்றழுத்தம்) மேற்பட்ட அழுத்தம் கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் கால்பங்கு வளிமண்டலத்துக்கும் குறைந்த ஏற்ற இறக்கம் எம்மாத்திரம்? அதிலும் மலையில் அழுத்தம் குறைகிறது. மூலக்கூறைப் பிரிப்பதோ அழுத்தம் கூடுவது. திசையே வேறு.

உயரத்தால் நடப்பது வேறொன்று. காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். மொத்த அழுத்தம் குறைவதால் ஆக்சிஜனின் பங்கு அழுத்தமும் அதே விகிதத்தில் குறைகிறது. கடல்மட்டத்தில் அது சுமார் 160 மில்லிமீட்டர் பாதரசம், கொடைக்கானலில் 125-ஐ ஒட்டி. மண்புழு ஹீமோகுளோபின் ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள இடத்திலும் அதைப் பற்றிக்கொள்ளக் கூடியது. காற்றோட்டம் இல்லாத ஈர மண்ணுக்குள் வாழும் உயிருக்கு அது அவசியமும்கூட. மலையேறி வந்த சுற்றுலாப் பயணிக்கு மூச்சு வாங்குகிற உயரம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

அப்படியானால் அழுத்தம் எப்போதுதான் பாதிக்கும்?

கிலோபார் கணக்கில் போகும்போது. ஒரு கிலோபார் என்பது ஏறக்குறைய 987 வளிமண்டலம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. ஆக ஒரு கிலோபார் என்றால் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் ஆழம். உலகின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் சுமார் 1,100 வளிமண்டலம். ஆய்வகத்தில் இந்த மூலக்கூறுக்கு இரண்டு கிலோபாரும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதாவது பூமியில் எந்தப் புழுவும் சந்திக்காத அழுத்தம். "புழு எந்த அழுத்தத்தில் சாகும்?" என்பது அந்த ஆய்வுகளின் கேள்வி அல்ல. 180 துண்டுகள் எதனால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்ப்பதற்கான கருவியாகத்தான் அங்கே அழுத்தம் பயன்படுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டுரைகளைப் படித்தால் எல்லாமே குழப்பமாக இருக்கும்.

அழுத்தினால் நெருங்கத்தானே வேண்டும்? எப்படிப் பிரியும்?

நல்ல கேள்வி. அழுத்தம் கூடும்போது மொத்தக் கன அளவு எந்த நிலையில் குறைவோ அந்த நிலைக்குத்தான் அமைப்பு நகரும். லே ஷாட்லியே சொன்ன விதி. "மொத்தம்" என்பதில் புரதம் மட்டுமல்ல, சுற்றியுள்ள நீரும் அடக்கம்.

இரண்டு புரதத் துண்டுகள் ஒட்டியிருக்கும் இடத்தில் அணுக்கள் கச்சிதமாகப் பொருந்துவதில்லை. சின்னச் சின்ன வெற்றிடங்கள் இருக்கும். நீர் அங்கே நுழைய முடியாது. துண்டுகள் பிரிந்தால் அந்த வெற்றிடங்கள் மறைந்து நீர் நிறைகிறது. இன்னொன்று, ஒட்டியிருந்தபோது எதிரெதிர் மின்சுமைகள் கைகோத்து உப்புப் பாலங்களாக இருந்தன. பிரிந்ததும் ஒவ்வொரு மின்சுமையும் நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுக்கமாக இழுத்துக்கொள்கிறது. இறுக்கமான நீர் குறைந்த இடத்தை அடைக்கும். இரண்டு காரணங்களாலும் பிரிந்த நிலையின் மொத்தக் கன அளவு குறைவு. அதனால்தான் அழுத்தம் பிரிவினையின் பக்கம் நிற்கிறது.

வெப்பத்தைப் போல இது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலைத்துவிடாது. சரியான அளவில் கொடுத்தால் துண்டுகள் தனித்தனியாகும், ஒவ்வொரு துண்டின் உள்மடிப்பும் பெரிதாகக் கெடாது. அமெரிக்காவின் பிரிட்ஜ்மன் 1914-இல் சூடே இல்லாமல் அழுத்தத்தால் மட்டும் முட்டையின் வெள்ளைக்கருவை உறைய வைத்துக் காட்டினார். அந்த உறைதலுக்குத் தேவைப்பட்டது பல கிலோபார்.

இந்த ஆய்வுகளை யார் செய்தார்கள்? என்ன கண்டார்கள்?

பெரும்பகுதி பிரேசிலில். அங்கே குளோசோஸ்கோலெக்ஸ் பாலிஸ்டஸ் என்ற பெரிய மண்புழு இருக்கிறது. அதன் ஹீமோகுளோபினும் 36 லட்சம் டால்டன் அளவுதான். ஜெர்சன் லிமா சில்வாவும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. எஃகுக் கலனுக்குள் புரதக் கரைசலை வைத்து, கலனில் பதித்த சன்னல் வழியாக ஒளி செலுத்தி, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பது இந்த வகை ஆய்வின் முறை. பெரிய துகள்கள் ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். மூலக்கூறு துண்டாக ஆக, ஒளிச்சிதறல் குறையும். கூடவே புரதத்தில் உள்ள டிரிப்டோஃபான் அமினோ அமிலத்தின் ஒளிர்வு மாறுவதையும் அளப்பார்கள்.

அவர்கள் கண்டதில் எனக்குப் பிடித்தது ஒரு முரண்பாடு. சாதாரணமாக ஒட்டிப் பிரியும் மூலக்கூறுகளில், கரைசல் அடர்த்தியாக இருந்தால் பிரிப்பது கடினமாக வேண்டும், ஏனென்றால் பிரிந்தவை உடனே இன்னொன்றைச் சந்தித்துச் சேர்ந்துவிடும். இந்த ராட்சதத்தில் அப்படி நடக்கவில்லை. அடர்த்தியை மாற்றினாலும் பிரியும் அழுத்தம் மாறவில்லை. மூலக்கூறுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல நடந்துகொள்ளவில்லை, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓர் அழுத்தத்தில் உடைகிறது என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். மிக அதிகமாகப் பிரித்துவிட்டால் அழுத்தத்தை இறக்கிய பின்னும் அது பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

நம் தோட்டங்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வெப்பமண்டலம் முழுக்கப் பரவி, தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் வந்துவிட்ட பான்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ் என்ற புழுவை நீண்ட காலம் குளோசோஸ்கோலெக்ஸின் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள். புளிப்பு மண்ணையும் அது தாங்கும்.

குக்கரில் வைத்தால் பிரியுமா?

வெந்துவிடும். காரணம் அழுத்தம் இல்லை, சூடு. குக்கருக்குள் அழுத்தம் சாதாரணத்தைப் போல இரண்டு மடங்குதான். அந்த அழுத்தம் நீரின் கொதிநிலையை 120 டிகிரி அருகே உயர்த்துகிறது, அந்தச் சூட்டில்தான் புரதம் கலைகிறது. கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால்தான் பருப்பு வேக மாட்டேன் என்கிறது.

ஆழ்கடல் புழுக்கள் எப்படித் தாங்குகின்றன?

1977-இல் கலாபகோஸ் அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ராட்சதக் குழாய்ப்புழுக்களைக் கண்டார்கள். ரிஃப்டியா பேச்சிப்டிலா. வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் வாழும் பாக்டீரியாதான் சமையல். அந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனும் வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனி இடங்களில் சுமந்துகொண்டு போவது இந்தப் புழுவின் ஹீமோகுளோபின். நமக்குச் சல்ஃபைடு விஷம். ரிஃப்டியாவிடம் மூன்று வகை ஹீமோகுளோபின்கள் உள்ளன. ஒன்று மண்புழுவினுடையதைப் போல 36 லட்சம் டால்டன் வகை, மற்ற இரண்டும் சுமார் 4 லட்சம் டால்டன்.

அங்கே அழுத்தம் 250 வளிமண்டலம். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், மண்புழு ஹீமோகுளோபினை ஆய்வகத்தில் பிரிக்கத் தேவைப்படுவதில் இது ஒரு சிறு பங்குதான்.

எங்கள் காப்பித் தோட்ட மண் பி.எச். 5 என்று பரிசோதனைச் சீட்டில் வந்திருக்கிறது. புழுவின் ரத்தமும் புளித்திருக்குமா?

இருக்காது. பி.எச். என்பது புளிப்பை அளக்கும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மண்ணின் பி.எச். வேறு, ரத்தத்தின் பி.எச். வேறு. நாம் எலுமிச்சைச் சாறு குடித்தால் ரத்தம் புளிப்பதில்லையே, அதே கதைதான். மண்புழு தன் ரத்தத்தை நடுநிலையை ஒட்டி, கொஞ்சம் காரப் பக்கமாகவே வைத்துக்கொள்கிறது. பைகார்பனேட்டும் ஹீமோகுளோபினும் அதற்கு உதவுகின்றன. பல இனங்களில் உணவுக்குழாயை ஒட்டிச் சுண்ணாம்புச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை கால்சியம் கார்பனேட்டை வெளியே தள்ளுகின்றன. டார்வின் 1881-இல் மண்புழுக்களைப் பற்றி எழுதியபோதே இந்தச் சுரப்பிகளைக் கவனித்திருக்கிறார்.

புளிப்பு மண்ணில் புழுக்கள் குறைவாக இருப்பது உண்மை. அதற்குக் காரணம் ரத்தம் உடைவது இல்லை. தோலுக்கு அமிலம் உறுத்துகிறது. மண்ணில் கால்சியம் போதவில்லை. பி.எச். 5-க்குக் கீழே போகப்போக அலுமினியம் கரைந்து நச்சாகிறது. பைன், யூகலிப்டஸ், வாட்டில் சருகு புழுவுக்குப் பிடித்த தீனியும் அல்ல.

சரி, அமிலம், காரம் இரண்டில் எது அந்த மூலக்கூறை உடைக்கிறது?

இரண்டும் உடைக்கும். ஆனால் இயற்கை நிலையிலிருந்து கொஞ்சமே நகர்ந்தாலும் உடைத்துவிடுவது எது என்றால், காரத்தைத்தான் சொல்ல வேண்டும். பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு.

ஒவ்வொரு புரதத்துக்கும் அதன் நிகர மின்சுமை பூஜ்யமாகிற ஒரு பி.எச். உண்டு. இந்த ஹீமோகுளோபின்களுக்கு அது 5.5-ஐ ஒட்டி. பி.எச். 7 அருகில் மூலக்கூறின் நிகரச் சுமை ஏற்கெனவே எதிர்மறை. துண்டுகளுக்கு இடையிலான பிடிப்புகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. பி.எச். 8-ஐத் தாண்டினால் இன்னும் புரோட்டான்கள் கழன்று எதிர்மறைச் சுமை கூடுகிறது, துண்டுகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, உப்புப் பாலங்கள் சில அறுகின்றன. முழு மூலக்கூறு முதலில் 12 குளோபின் கொண்ட தொகுதிகளாகவும், இன்னும் ஏறினால் மூன்று சங்கிலிகள் பிணைந்த துண்டுகளாகவும் தனிச் சங்கிலிகளாகவும் சிதறுகிறது. பி.எச். 9, 10 என்று போனால் சிதறல் தீவிரம்.

அமிலப் பக்கத்தில், 5-க்குக் கீழே போனால் கட்டுமானம் கலையத் தொடங்குகிறது. கூடவே ஹீமில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து ரத்தம் சிவப்பிலிருந்து பழுப்பாகிறது. பழுப்பான வடிவத்துக்கு ஆக்சிஜனைப் பிடிக்கும் சக்தி இல்லை. பிரேசில் புழுவில் இந்தப் பழுப்பு வடிவம் காரத்தில் இன்னும் எளிதாக உடைகிறது.

கால்சியம் எங்கே வருகிறது?

இணைப்புச் சங்கிலிகளில். கால்சியம் உட்காருவதற்கென்றே அவற்றில் இடங்கள் இருப்பதை 2006-இல் வெளியான படிக வடிவம் காட்டியது. கால்சியமும் மக்னீசியமும் கரைசலில் போதிய அளவு இருந்தால் மூலக்கூறு அதிகக் காரத்தையும் தாங்கி நிற்கிறது. இரட்டை நேர்ச்சுமை கொண்ட அயனி, எதிர்மறைச் சுமைகளுக்கு நடுவே புகுந்து சமாதானம் பண்ணிவிடுகிறது. கால்சியத்தைப் பிடித்து வெளியே இழுக்கும் இ.டி.டி.ஏ. போன்ற பொருளைச் சேர்த்தால் குறைந்த காரத்திலேயே உடைகிறது.

வயலில் சுண்ணாம்பு போட்டால் புழுவின் ஹீமோகுளோபின் உறுதியாகிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்பதைப் புழுவின் உடல்தான் தீர்மானிக்கிறது.

அமிலத்தால் ஆக்சிஜன் பிடிப்பு மாறுமா?

மாறும். இயல்பு வாழ்க்கையில் பி.எச். செய்யும் உண்மையான வேலையே அதுதான். திசுவில் கரியமில வாயு சேர்ந்து ரத்தம் இலேசாக அமிலமானால் ஹீமோகுளோபின் பிடியைத் தளர்த்தி ஆக்சிஜனை விடுகிறது. டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904-இல் விளக்கிய விளைவு இது. அணு அமைப்புக்குப் பெயர்பெற்ற நீல்ஸ் போரின் அப்பா அவர். மனிதரிலும் மண்புழுவிலும் இதே திசையில் நடக்கிறது.

மண்புழுவில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஒரு ஹீம் ஆக்சிஜனைப் பிடித்ததும் பக்கத்து ஹீம்களும் பிடிக்கத் தூண்டப்படுவதைக் கூட்டுறவு என்பார்கள். மனித ஹீமோகுளோபினில் அதன் அளவீடு 3-க்குச் சற்றுக் குறைவு. லும்ப்ரிகஸின் ஹீமோகுளோபினில், கால்சியம் சேர்த்துச் சரியான பி.எச்.-இல் அளந்தபோது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கிடைத்தது. காரத்தில் சிதறிய சின்னத் துண்டுகளிடம் இந்தத் திறமை பெரும்பாலும் போய்விடுகிறது.

அழுத்தமும் பி.எச்.-உம் சேர்ந்து மாறினால்?

கார நிலையில் பிடிப்புகள் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் குறைந்த அழுத்தத்திலேயே பிரிகிறது. குளிரும் அழுத்தத்துக்குத் துணைபோகும். இந்த மாதிரிப் புரதங்கள் தாழ்ந்த வெப்பநிலையில் அழுத்தத்துக்கு இன்னும் எளிதாகப் பணிகின்றன.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. அழுத்தம் ஏறும்போது பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் தாங்கல் கரைசலே மாறிவிடும். பாஸ்பேட் கரைசலில் ஒவ்வொரு கிலோபாருக்கும் பி.எச். சுமார் 0.3 முதல் 0.4 வரை இறங்குகிறது. இரண்டு கிலோபார் கொடுத்துவிட்டு "பி.எச். 7.5-இல் செய்தேன்" என்று எழுதினால் அது உண்மையில் 7-க்குக் கீழே இருந்திருக்கலாம். டிரிஸ் என்ற இன்னொரு தாங்கல் கரைசல் அழுத்தத்தில் அவ்வளவாக அசையாது. அதனால் உயர் அழுத்த ஆய்வுகளில் அதைத்தான் விரும்புவார்கள்.

ஆனால் டிரிஸுக்கு வேறு ஒரு பலவீனம், குளிர். ஒரு டிகிரி குறைந்தால் பி.எச். ஏறக்குறைய 0.03 ஏறும். மதுரையில் 25 டிகிரி அறையில் 7.5 என்று சரிபார்த்த டிரிஸ் கரைசலைக் கொடைக்கானலுக்கு எடுத்துவந்து மார்கழிக் காலையில் 10 டிகிரியில் பயன்படுத்தினால் அது 7.9-ஐத் தொட்டிருக்கும். இந்த மூலக்கூறு தள்ளாட ஆரம்பிக்கிற எல்லைக்குப் பக்கத்தில். இங்கே மலையின் உயரம் பாதிக்காது, மலையின் குளிர் பாதிக்கும். எந்த வெப்பநிலையில் வேலை நடக்கிறதோ அதே வெப்பநிலையில் பி.எச். பாருங்கள்.

உடைந்தது திரும்பச் சேருமா?

ஓரளவு. காரத்தில் லேசாகப் பிரிந்ததை நடுநிலைக்குக் கொண்டுவந்து கால்சியம் சேர்த்தால் மீண்டும் அறுகோண வடிவம் உருவாகிறது. லும்ப்ரிகஸின் துண்டுகளைச் சோதனைக்குழாயில் கலந்து முழு மூலக்கூறைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் இணைப்புச் சங்கிலிகள் இல்லாமல் அது நடக்காது. அதிக நேரம் பிரிந்து கிடந்தாலோ ஹீம் பழுப்பானாலோ துண்டுகள் தங்கள் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டுவிடுகின்றன, பழைய இடத்தில் பொருந்துவதில்லை.

பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்க்கலாமா?

உயர் அழுத்தம் வேண்டவே வேண்டாம். கிலோபார் தாங்கும் கலன் பள்ளியில் இருக்காது, வீட்டில் செய்த கலன் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. புழுவை அறுத்து ரத்தம் எடுப்பதும் தேவையில்லை. உயிருள்ள புழுவின் முதுகுக் குழாய் எத்தனை முறை துடிக்கிறது என்று காலைக் குளிரிலும் நடுப்பகலிலும் எண்ணிப் பாருங்கள், அதிலேயே பேச நிறைய இருக்கிறது.

புழு ரத்தத்தை மனிதருக்கு ஏற்ற முடியுமா?

நேரடியாக முடியாது. ஆனால் யோசனை உயிரோடிருக்கிறது. சிவப்பணு இல்லாமலே இயங்குவது, சிறுநீரகம் வழியே கசியாத பருமன், ரத்த வகை பார்க்கத் தேவையில்லாதது ஆகியவை அதன் பலம். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் கடற்கரை மணலில் வாழும் அரெனிகோலா மரீனா என்ற புழுவின் ஹீமோகுளோபினை, மாற்று அறுவைக்கு எடுத்த சிறுநீரகத்தைப் பாதுகாக்கும் திரவத்தில் ஆக்சிஜன் தருவதற்காகச் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் 2022-இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

மண்புழுவைக் காயவைத்துச் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்கிறார்களே?

வயிற்று அமிலத்தின் பி.எச். 2 அருகில். ராட்சத மூலக்கூறு அங்கே போய்ச் சேர்ந்ததுமே கலைந்து, மற்ற எந்தப் புரதத்தையும் போல ஜீரணமாகிவிடும். மண்ணில் உள்ள கிருமியும் கன உலோகமும் கூடவே வரும். ரத்தசோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையே போதும்.

எங்கள் மண்புழு உரக்குழி புளித்து நாறுகிறது. சுண்ணாம்பு போடலாமா?

சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் வேண்டாம். குழியின் பி.எச். 11, 12 என்று ஓரிடத்தில் திடீரென எகிறும், தோல் வெந்து புழு சாகும். பிளம்ஸ், பேரிக்காய்க் கழிவை ஒரே நேரத்தில் மொத்தமாகக் கொட்டியதால்தான் பெரும்பாலும் குழி புளிக்கிறது. அடியில் காற்று போகாமல் நொதித்து ஆக்சிஜனும் தீர்ந்துவிடுகிறது. முதலில் கழிவைக் கிளறி ஆற விடுங்கள், காய்ந்த சருகும் பழைய சாணமும் கலந்து ஈரத்தைக் குறையுங்கள். அப்புறமும் புளிப்பு போகாவிட்டால் டாலமைட் தூளோ பொடித்த முட்டை ஓடோ கைப்பிடியளவு தூவலாம். இரண்டும் மெதுவாகக் கரைவதால் பி.எச். துள்ளாது. புழுக்கள் குழியின் ஓரச் சுவரில் ஏறி ஒட்டியிருந்தால் உள்ளே நிலைமை இன்னும் சரியாகவில்லை என்று வைத்துக்கொண்டு, புதிய கழிவு போடுவதை நிறுத்தி வையுங்கள்.